கடந்தைக் கூட்டுக்கு உத்தரவு போட்டது யார்?

தப்பான உத்தரவு ஒன்று நிறைவேறிவிட்டால் குற்றம் யார் மேல்? சொன்னவர் மேலா, செய்தவர் மேலா? இதற்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை உலகத்திலேயே அதிகமாக விவாதித்த மனிதர் எங்கள் சூரியநெல்லித் தேயிலை மலையில் பள்ளி ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது தெரியும். நாடுகள் கூடிப் பேசும் சபைகளில்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். அங்கே சாப்பாட்டு இடைவேளை விடுவார்கள். ஊரே 'ஆர்டர் மாமா' என்று கூப்பிடும் எங்கள் டிரைவர் விடமாட்டார்.

பட்டாளத்தில் பதினேழு வருடம் லாரி ஓட்டியவர். ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. அதனாலோ என்னவோ, வேறு யார் எங்கே சுட்டாலும் அவருக்கு விளக்கம் வேண்டும். தங்கராசு டீக்கடைத் தொலைக்காட்சியில், ஏதோ ஒரு நாட்டு விமானம் ஏதோ ஒரு படகின் மேல் குண்டு போட்டது என்று வந்தால் போதும், டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

"போடச் சொன்னது யாருவே?"

"பெரிய ஆபீசர் சொல்லியிருப்பாரு," என்பார் தங்கராசு.

"எழுத்துல குடுத்தாரா?"

"குண்டு போடுற அவசரத்துல எவன் பேப்பரைத் தேடுவான்?"

"பேப்பர் தேட நேரமில்ல, குண்டு தேட மட்டும் நேரம் இருக்கோ? சரி, படகு உடைஞ்ச பொறவு தண்ணியில கெடந்து கையைத் தூக்குனவன் மேல ரெண்டாவது குண்டு போட்டாம்லா, அது எந்தச் சட்டம்? அந்த பைலட்டு மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா வேலை போயிரும்."

"போவட்டுமே!"

"போறது அவன் வேலைதான? உமக்கென்ன? டீ ஆறுது, குடியும்."

இந்தச் சட்டத்தை அவர் விமானங்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஜீப்பில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கும். யார் எதைச் சொன்னாலும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மனைவி அரைக் கிலோ மத்தி வாங்கி வரச் சொன்னாலும் அப்படித்தான். மீன் கெட்டுப்போயிருந்தால் பொறுப்பு யாருடையது? அந்த அம்மாள் பத்து வருடமாக மீன் சாப்பிடுவதையே விட்டுவிட்டார் என்று கேள்வி.

ஒருநாள் எதிரே வரும் மாடு தெரியாத மூடுபனி. எஸ்டேட் மேனேஜர் ஓடி வந்து, உடனே மூணாறுக்குப் போக வேண்டும், தலைபோகிற அவசரம் என்றார். "பனியில ஓட்டச் சொன்னது நான்தான்னு ஒரு வரி எழுதிருங்க சார்" என்று மாமா பேனாவை நீட்டினார். மேனேஜர் பேனாவைப் பார்த்தார். பனியைப் பார்த்தார். பிறகு, டீ சாப்பிட்டுவிட்டே போகலாம் என்றார்.

எங்கள் பள்ளிக் கமிட்டித் தலைவரும் ஒருமுறை மாட்டிக்கொண்டார். எட்டுப் பிள்ளைகள் ஏறும் ஜீப்பில் பதினான்கு பேரை ஏற்றச் சொன்னார். நோட்டு நீண்டது. உடனே தலைவருக்கு போன் வந்தது. மணி அடிக்காத போன்.

இதையெல்லாம் பார்த்து நானும்தான் சிரித்தேன். அதே பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு நான் டீச்சர். வருடா வருடம் கமிட்டி கையெழுத்துப் போட்டால்தான் வேலை. என் நாலு வயது மகள் மகிழும் அந்த ஜீப்பில்தான் வருவாள். அவளுக்குத் தும்மல் வந்தால் நான் இரண்டு டாக்டர்களைக் கேட்பேன். இருவரும் ஒன்றே சொன்னால் மூன்றாமவரைக் கேட்பேன்.

அப்படிப்பட்ட மகளின் காதில் ஒருநாள் காலையில் கடந்தை கொட்டிவிட்டது. விரல் நீளத்துக்கு வரும் பெரிய குளவியைத்தான் நாங்கள் கடந்தை என்போம். ஜீப் நிற்கும் இடத்துக்கு மேலே, சில்வர் ஓக் மரத்தில், பானை அளவுக்குக் கூடு. அம்மாக்களின் வாட்ஸ்அப் குழு போர்க்கோலம் பூண்டது. "எரிச்சிருங்க", "இன்னைக்கே எரிச்சிருங்க" என்று வரிசையாகச் செய்திகள். முதல் செய்தி என்னுடையது.

நேரே மாமாவிடம் போனேன். அவர் கூட்டை அண்ணாந்து பார்த்து விசாரணையைத் தொடங்கினார்.

"கொட்டுனது ஒண்ணு. கூட்டுல முந்நூறு இருக்கும். அம்புட்டும் குத்தவாளியா டீச்சர்?"

"மாமா, விளையாடாதீங்க."

"விளையாடல. எரிக்கணும்னா இருட்டுன பொறவு எரிக்கணும், அப்பதான் எல்லாம் உள்ள அடையும். இப்ப தீ வச்சா கலைஞ்சு பறக்கும். கீழ்க்காட்டுல பொம்பளையாளுக கொழுந்து எடுக்காங்க. முதல்ல அவங்களுக்குத் தகவல் சொல்லணும்."

"உங்க சட்டமெல்லாம் டிவியோட வச்சுக்கோங்க! எம்புள்ள காது அப்பமா வீங்கியிருக்கு. சாயங்காலத்துக்குள்ள இன்னொண்ணு கொட்டுனா நீங்களா பொறுப்பு? இப்பவே எரிங்க!"

சொல்லும்போதே அழுதுவிட்டேன். மாமாவின் கை நோட்டுப் பக்கம் போனது. நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தார். கை வெறுமனே திரும்பி வந்தது.

"சரி தாயி."

மூங்கில் நுனியில் சாக்கைச் சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி, பட்டப்பகலில் தாக்குதல் நடந்தது. கூடு எரிந்தது. கடந்தைகள் எரியவில்லை. ஒரு படை பைக்கில் வந்துகொண்டிருந்த கமிட்டித் தலைவரைப் பிடித்தது. இன்னொரு படை கீழ்க்காட்டில் இறங்கியது. கொழுந்துக் கூடையோடு ஓட முடியாமல் விழுந்த பேச்சியம்மாக்காவுக்குப் பதினோரு கொட்டு. மூன்று நாள் ஆஸ்பத்திரி. நான் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். "நீ ஒருத்திதான் டீச்சர் என்னைத் தேடி வந்த," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு வந்தேன்.

விசாரணை ஒன்றாம் வகுப்பில் நடந்தது. தலைவர் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் மூடியிருந்தது. மற்றது என்னைத்தான் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

"பகல்ல எரிக்கச் சொன்னது யாரு?"

வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் எல்லாச் செய்திகளும் நீக்கப்பட்டிருந்தன. முதலில் நீக்கியது யார் என்று கேட்காதீர்கள். சரியாக நீங்கியிருக்கிறதா என்று கணவரின் போனிலும் பார்த்துக்கொண்டேன்.

மாமா எழுந்து விறைப்பாக நின்றார். "எழுத்துல இல்லாத ஆர்டர் ஆர்டரே இல்ல சார். மாட்டேன்னு சொல்லியிருக்கலாம், சொல்லல. செஞ்சது நானு."

"ஒருத்தரும் சொல்லாம நீரே தீ வச்சீரா?"

"நான்தான் சார்."

நான் சுவரில் ஒட்டியிருந்த பழங்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்னாசி வரைக்கும் வந்தபோது, மாமாவின் ஜீப் ஓட்டும் வேலை போயிருந்தது.

புதிய டிரைவர் எதையும் எழுதிக் கேட்பதில்லை. பதினான்கு பிள்ளைகளை ஏற்றுகிறார். மகிழ் இன்னொரு பிள்ளையின் மடியில் உட்கார்ந்து போகிறாள். மலை வளைவில் ஜீப் மறையும்வரை நான் மூச்சு விடுவதில்லை.

தாங்க முடியாமல் போன வாரம் டீக்கடைக்குப் போனேன். "மாமா, நான்தான் சொன்னேன்னு கமிட்டியில சொல்லிரட்டுமா?"

"என்கிட்ட எதுக்குத் தாயி கேக்க? நான் சொல்லுன்னா, அப்ப அதுவும் என் ஆர்டர் ஆயிரும்லா?"

"ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா."

"மாட்டேன். டீ குடிக்கியா?"

தங்கராசு சிரித்தார். "டீச்சரு, ஒருவழியா மாட்டேன்னு சொல்லப் படிச்சிட்டாரு பாத்தீங்களா?"

அடுத்த மாதம் கமிட்டி கூடுகிறது. முதல் விஷயம், ஜீப்புக்கு நிரந்தர டிரைவர். இரண்டாவது, என் வேலை நீட்டிப்பு. இரண்டாவதில் கையெழுத்து விழுந்த பிறகு பேசு என்கிறார் கணவர். அதற்குள் முதலாவது முடிந்துவிடுமே! இப்போது பேசி வேலை போய்விட்டால், மகிழின் பள்ளிச் செலவை யார் பார்ப்பது? பேசாமலிருந்து அந்த ஜீப்புக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

வாசகர்களே, உங்களில் யாராவது இந்த நிலையில் இருந்திருந்தால், என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி. என் பிள்ளையை நம்பி ஏற்றி அனுப்ப, இந்த மலையில் எனக்கு ஆர்டர் மாமா ஒருவர்தான் இருந்தார்.