சும்மா தொரையும் மரண உதவிச் சங்கமும்

இலங்கையின் இந்த மலைநாட்டில் யாரையும் ஒரு வேலையும் ஏவாத ஒரே வெள்ளைக்காரர் எங்கள் வட்டகொடைச் சும்மா தொரைதான். மறுத்துப் பேசுகிறவர்கள் அவரைப் பார்க்காதவர்கள்.

டென்மார்க்கில் ஏதோ ஒரு துறைமுகத்தில் நாற்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்ற வெள்ளைக்காரர்கள் ஓய்வு பெற்றால் கடற்கரைப் பக்கம் போய், தங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேரோடு சேர்ந்து வெயில் காய்வார்கள். இவர் ரயிலில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தவர், மூடுபனிக்குள் பாதி மறைந்துகிடந்த வட்டகொடை ஸ்டேஷனைக் கண்டதும் பெட்டியோடு இறங்கிவிட்டார். காதர் நானா கடையின் மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்து, ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "இங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், தான் முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல்லையே பதிலாகச் சொன்னார்.

"சும்மா."

பங்களா கிடையாது, விடிகாலைப் பெரட்டுக்கு ஆள்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பது கிடையாது. ஆனாலும் வெள்ளைத்தோல் என்றால் எங்கள் பக்கத்தில் தொரைதானே. பெயர் ஒட்டிக்கொண்டது.

நம்முடைய மரியாதைப் பேச்சு அவருக்கு ரொம்பவும் பிடித்துப்போய்விட்டது. ஆள் பார்க்காமல் மரியாதை கொடுத்தார். "நாய் தூங்குறாங்க, மெதுவா நடங்க" என்பார். காலையில் பனி ஏறி வந்து தேயிலை மலையையும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையும் ஸ்டேஷனையும் ஒவ்வொன்றாக மூடும். துணி காயப்போட்ட பெண்கள் வானத்தைத் திட்டுவார்கள். தொரை மட்டும் ஜன்னலில் எழுந்து நின்று, விருந்தாளியை வரவேற்கிற மாதிரி, "வந்துட்டாங்க" என்பார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மரண உதவிச் சங்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் குழி வெட்டுவது, பந்தல் போடுவது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பது, பெட்டி தூக்குவது எல்லாம் சங்கத்தார் பொறுப்பு. நான்தான் செயலாளர். சட்டதிட்டம் என்றால் எனக்கு உயிர். என் மனைவியைக் கேட்டால் உயிருக்கும் ஒருபடி மேல் என்பாள்.

ஒருநாள் தொரை, காதர் நானாவையும் கூட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"நான் சங்கத்துல சேரணுங்க."

"உங்களுக்கு எதுக்கு தொரை?"

"ஜன்னல்ல பார்த்தேங்க. பனிக்குள்ள தப்பு மேளம் அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஆளுங்க வந்தாங்க, வந்தாங்க, வந்துக்கிட்டே இருந்தாங்க. நான் செத்தா நானா மட்டுந்தான் வருவாருங்க."

"நான் ஒருத்தன் எப்புடித் தூக்குற? முழங்கால் வருத்தம் வேற" என்றார் நானா.

நான் படிவத்தை நீட்டினேன். நானா வாசித்துச் சொல்லச் சொல்ல, தொரை மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தவர், கடைசிக் கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். 'இறுதிக் கடமை செய்பவர் பெயர், உறவுமுறை' என்று கேட்டிருந்தது. அவருக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை.

"கட்டம் காலியா இருந்தா சேர்க்க முடியாது தொரை. அது சட்டம்" என்றேன்.

சங்கத் தலைவர் பெரியசாமி, "பாவம்யா, சேர்த்துக்குவோம்" என்றார். நான் அசையவில்லை. இன்றைக்கு ஒருவருக்கு வளைத்தால் நாளைக்கு ஊருக்கே வளைக்க வேண்டும் என்று ஒரு சொற்பொழிவே நடத்தினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தொரை படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சேராம வேலை மட்டும் செய்யலாங்களா?" என்று கேட்டார். அதைத் தடுக்கச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

அன்றிலிருந்து எந்தச் சாவுக்கும் முதல் ஆள் அவர்தான். சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்பே வந்துவிடுவார். ஒரு தடவை, ஆள் சாவதற்கு முன்பே மண்வெட்டியோடு வாசலில் போய் நின்றார். நோயாளி ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துவிட்டு, எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அந்த மனிதர் இன்றைக்கும் தினமும் பஜாருக்கு வந்து போகிறார்.

எங்கள் மயானம் செங்குத்தான சரிவில் இருக்கிறது. கயிறு பிடிக்கும் நாலு பேருக்கும் நாலு புத்தி. தலைப்பக்கமோ கால்பக்கமோ பெட்டி ஒருபக்கம் இழுத்துக்கொண்டுதான் இறங்கும். வாழ்நாளெல்லாம் சரிவில் கூடை சுமந்தவர்கள், கடைசியிலும் சரிந்தே போனார்கள்.

ஒருநாள் தொரையால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குழியின் விளிம்பில் வந்து நின்று கையைத் தூக்கினார். உள்ளங்கையைத் தாழ்த்தினார். ஒரு விரலை அசைத்தார். முஷ்டியை மூடினார். துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நிற்பவர் காட்ட, நாற்பது வருஷம் பார்த்துப் பழகிய சைகைகள். நாலு பேரும் தம்மை அறியாமல் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டார்கள். பெட்டி துளியும் சாயாமல், பனியோடு பனியாக இறங்கியது. அழுதுகொண்டிருந்த மகள் அழுகையை நிறுத்தி, "அம்மா தூங்குற மாதிரியே போறாங்க" என்றாள். யாரையும் ஏவாதவர் என்று நான் முதலில் சொன்னது பொய்யில்லை. அவர் வாயைத் திறக்கவே இல்லை.

பிறகு கண் ஆபரேஷனுக்காக அவர் ஊருக்குப் போக வேண்டி வந்தது. உறுப்பினர் அல்லாத அந்த மனிதர், நானாவை எழுதச் சொல்லி எனக்கு ஒரு லீவுக் கடிதம் கொடுத்தார். 'மூன்று மாதம் வர இயலாது. இந்த நாட்களில் முடிந்தவரை யாரும் சாக வேண்டாம் என்று அனைவருக்கும் அறிவிக்கவும்.'

சிரித்துக்கொண்டேதான் கூட்டத்தில் வாசித்தேன். ஆனால் ஒரு சாவும் விழவில்லை. இழுத்துக்கொண்டு கிடந்த பாக்கியம் அக்காகூட, "தொரை வரட்டும். இவனுங்க கையில போனா பெட்டியச் சாச்சுப்புடுவானுங்க" என்று சொல்லி மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கினார்.

மேல்மாடி ஜன்னல் மூடிக்கிடந்தது. பனி வந்தது, போனது, கேட்பாரில்லை. ஒருநாள் காலையில் நானே நடுரோட்டில் நின்று அந்த ஜன்னலைப் பார்த்து, "வந்துட்டாங்க" என்று முணுமுணுத்துவிட்டேன். அவர் திரும்பி வராமலே போய்விடுவாரோ என்று பயந்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, ரொம்பவே பயந்தேன்.

வந்தார். பனிக்குள்ளிருந்து ரயில் வந்தது, ரயிலுக்குள்ளிருந்து கறுப்புக் கண்ணாடியோடு அவர் வந்தார்.

"யாராவது...?"

"ஒருத்தரும் இல்ல தொரை."

"ரொம்ப நன்றிங்க."

நானா கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, அந்தப் படிவத்தைக் கேட்டேன். சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மடிப்பு நைந்துபோயிருந்தது. காலிக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதி, வாசித்தும் காட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றி, புதுக்கண்ணால் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பிக்கு ரத்தத்துல சீனி வருத்தம் இருக்கு. மேடு ஏறினா மூச்சு வாங்குது. நான் நல்லா இருக்கேங்க. தம்பி முந்திட்டா?"

சட்டம் தெரிந்த எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் கையைத் தூக்கி, உள்ளங்கையை மேசை வரைக்கும் மெதுவாக, மிக மெதுவாகத் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்க. கொஞ்சங்கூடச் சாய விட மாட்டேங்க."

அதற்குப் பிறகு எனக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. அவர் இல்லாத ஊரில் செத்துப்போய்விடக் கூடாதே என்பதுதான் பயம். அதனால், மகன் கொழும்புக்கு எத்தனை தடவை கூப்பிட்டாலும், போன மறுநாளே ரயிலேறி வட்டகொடைக்கு வந்துவிடுகிறேன்.