யாழ்ப்பாணத்தான் வெட்டின கதியால்

அண்டைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். வேலியில ஊண்டினால் வேர் விட்டு வளருற கதியால் தடி வெட்டிறது.

முரசுமோட்டையில குடியேற்றக் காணி கிடைச்சு வந்த நாங்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்து ஆக்கள். நெல் விளையாமல் போனாலும் பரவாயில்லை, எங்களுக்கு வேலி ஒழுங்கா நிக்க வேணும். அதிலயும் பக்கத்துக் காணிக் கந்தையா அண்ணையின்ர வேலி, வருசத்துக்கொருக்கா என்ர பக்கம் ஒரு முழம் நடந்து வரும்.

ஊரில எண்டால் கிளுவை, பூவரசு நடுவம். இஞ்ச அதுகளுக்கு எங்க போறது? உப்புத்தண்ணிக் களப்புக் கரைக்குப் போனன். அங்க பச்சைப் பசேலெண்டு ஒரு மரக்கூட்டம். கத்தியை வைச்ச உடன பால் வடிஞ்சுது. பால் வடியிற கொப்பு கட்டாயம் வேர் விடும் எண்டது என்ர விஞ்ஞானம்.

கருவாடு விக்கிற முல்லைத்தீவு ஆள் ஒருத்தர் அந்த வழியால வந்து சைக்கிளை நிப்பாட்டினார். "அண்ணை, அந்தத் தில்லைப் பால்..." எண்டு தொடங்கினார்.

"யாழ்ப்பாணத்தானுக்கு நீர் கதியால் படிப்பிக்க வாறீரோ?" எண்டு கேட்டன்.

மனிசன் என்னை மேலையும் கீழையும் பாத்திட்டுச் சைக்கிளில ஏறிப் போயிட்டார்.

வெட்டின தடியளைக் கட்டாக் கட்டித் தோளில சுமந்து, கழுத்து வேர்வையைக் கையால துடைச்சு, இடையில ஒருக்கா பத்தைக்குப் பின்னால ஒதுங்கி, ஒரு மாதிரி வீடு வந்து சேர்ந்தன்.

விடியப் பாத்தால் தோள், கழுத்தெல்லாம் நெருப்புச் சுட்ட மாதிரிக் கொப்பளம். மூண்டாவது இடத்தைப் பற்றி நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நடையைப் பாத்து என்ர மனிசி விளங்கிக்கொண்டா.

மயிர்க்கொட்டிப் புழு ஊர்ந்திருக்கும் எண்டா மனிசி. வெய்யில் எண்டன் நான். கந்தையா அண்ணை வந்து வாசலுக்கு வெளியில நிண்டே பாத்தார்.

"தம்பி, இது அம்மாள் வருத்தம். இனி நீ வெளிக்கிடப்படாது."

அவ்வளவுதான். அம்மை கண்ட வீடெண்டு வாசலில வேப்பிலை ஏறிச்சு. மீன் மச்சம் இல்லை, தாளிதம் இல்லை, குளிப்பு இல்லை. எரிவில உயிர் போகுது, மனிசி என்னடாவெண்டால் அம்மாள் கேக்கிறா, அடக்கமா முனகுங்கோ எண்டு சொல்லுறா.

என்ர கவலை வேற. வெள்ளிக்கிழமை என்ர வயலுக்கு வாய்க்கால் தண்ணி முறை. பயிர் கதிர் தள்ளுற நேரம். இந்த முறை தப்பினால் மிஞ்சிறது வைக்கோல்தான்.

"யோசியாதை தம்பி, தண்ணியை நான் பாக்கிறன்," எண்டார் கந்தையா அண்ணை. அது ஆரின்ர வயலுக்குப் போகும் எண்டு எனக்குத் தெரியாதோ?

வெள்ளி விடிய மனிசி ஓடி வந்தா. கந்தையா அண்ணை வீட்டு வாசலிலயும் வேப்பிலையாம். அவருக்கும் தோளிலயும் கழுத்திலயுமாம். அவரும் அகட்டி அகட்டித்தான் நடக்கிறாராம்.

அம்மாள் ஆளுக்காள் ஒரே இடமாப் பாத்தோ இறங்குவா? வளவுக்குள்ள போய்ப் பாத்தன். என்ர கதியால் கட்டில பாதியைக் காணேல்லை. அவ்வளவும் அவற்ற வேலியில புதுசா நிக்குது. அப்பதான் கருவாட்டுக்காரர் சொல்ல வந்த தில்லைப் பால் எனக்கு ஞாபகம் வந்திச்சு; பட்ட இடமெல்லாம் கொப்பளிக்க வைச்சது அந்தப் பால்தான்.

மண்வெட்டியை நோகாத தோளில வைச்சுக்கொண்டு, அவற்ற வேப்பிலைக்கு வெளியில போய் நிண்டன்.

"அண்ணை, இது அம்மாள் வருத்தம். வெளிக்கிடாதேங்கோ. தண்ணியை நான் பாக்கிறன்."

பாலின்ர கதையை வயல் நிரம்பினாப் பிறகுதான் சொன்னன்.