இனிக்கப் பேசிய குற்றம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
28-7-1971

மகா கனம் பொருந்திய மைத்துனர், ஆரணி வேலாயுதம் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜெயம்மாளின் புருஷன் கச்சபேசன் அனேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தறியும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், தங்கள் வீட்டாரும், நாலு நாளாகத் தங்களிடம் வந்திருக்கும் என் மனைவியும் மகளும் சௌக்கியமாக இருக்க ஏகாம்பரநாதரை வேண்டுகிறேன்.

எனக்கு எந்த வியாதியும் கிடையாது. சின்ன காஞ்சிபுரத்தில் எனக்கு வேறு வீடும் கிடையாது. இந்த இரண்டு வரியையும் ஜெயம்மாளுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு மேலே படிக்கவும்.

என் வாய் கெட்ட வாய் என்பது தாங்கள் அறியாததல்ல. தங்கள் கல்யாணப் பந்தியில் ரசம் கேட்டு நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பையே நிறுத்திவிட்டதைத் தாங்கள் இன்னும் சொல்லிக் காட்டுகிறீர்கள். அதெல்லாம் போகட்டும். போன மாதம் கைத்தறிச் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிப் பிறந்த நம் ஏலவார்குழலி ஓடிப்போய், நாலு வயசுக் கையிரண்டையும் கூப்பி, “வா பேமானி, குந்து பேமானி” என்றாள். குழந்தை வம்பு செய்யவில்லை மச்சான். வீட்டுக்கு வருகிற என் கூட்டாளிகளை நான் அப்படித்தானே அழைக்கிறேன், அதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டாள். தலைவர் பாதி மோரோடு எழுந்து போய்விட்டார். அவர் போனது எனக்குப் பெரிதில்லை. நாளைக்கு இவள் பள்ளிக்கூடம் போய் டீச்சரம்மாவை இப்படிக் கைகூப்பி வரவேற்றால் என் பெண் கதி என்ன ஆவது? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாயங்காலமே காமாட்சியம்மன் சந்நிதியில், ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு சுடுசொல்லும் சொல்லமாட்டேன், தவறினால் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிப்பேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்பார்கள் அல்லவா, அதனால் ஜெயம்மாளிடம் மூச்சுவிடவில்லை. வந்த வினையெல்லாம் அதனால்தான். எழுதினால் வாய்விட்ட கணக்கில் சேராது என்று குருக்களைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் காலையில், “ஜெயம்மா, காப்பி ரொம்ப நல்லா இருக்குதும்மா” என்றேன். அவள் என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று நாள் நிலவேம்புக் கஷாயம் கொடுத்தாள், நான் “அமிர்தம்” என்று சொல்லிச் சொல்லிக் குடித்தேன், அதனால் அளவைக் கூட்டிவிட்டாள். தெருவில் பாவு நூலை நீளமாக நீட்டிக் கட்டுகிற அன்று, மறுமுனையைப் பிடித்திருந்த எதிர்வீட்டுப் பூவராகவனிடம், “அண்ணே, கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா புண்ணியமா போவும்” என்றேன். பயந்துபோய் மொத்தப் பாவையும் கீழே விட்டுவிட்டார், ஓர் ஆட்டுக்குட்டி அதன்மேல் நடந்து போயிற்று. ஆட்டுக்குட்டியையும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம், தறியில் வந்ததுதான் பெரிய வம்பு. ஆவணி முகூர்த்தப் புடவை, உடல் அரக்கு, கரை பச்சை, இரண்டையும் கோத்து நெய்கிற கோர்வை வேலை. வலப்பக்கம் உட்கார்ந்து நான் ஊடைநூல் நாடாவை ஓட்ட, இடப்பக்கக் கரைக்கு அவள் ஒரு நாடா ஓட்டவேண்டும், நேரம் தவறினால் கரையும் உடலும் சேராது. பதினாறு வருஷமாக நான் “எருமை” என்றால் அவள் நாடாவைப் போடுவாள், “கழுதை” என்றால் நிறுத்துவாள். இது ஒரு ஏற்பாடு என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அதுவரை தெரியாது. நான் “போடும்மா கண்ணு” என்றேன். அவள் பின்னால் திரும்பிப் பார்த்து, “யாரைக் கூப்பிடறீங்க? யார் வந்துகீறாங்க?” என்றாள். “உன்னைத்தான் தங்கம்” என்றேன். அவ்வளவுதான், போட வேண்டிய நேரத்தில் நிறுத்தினாள், நிறுத்த வேண்டிய நேரத்தில் போட்டாள். ஒரு முழத்துக்குக் கரை ஒரு பக்கம் போக, உடல் ஒரு பக்கம் போயிற்று.

பக்கத்து வீட்டு அம்சவேணி சும்மா இருக்கக் கூடாதோ? “எங்க மாமனாரும் இப்படித்தாம்மா. சாவறதுக்கு ஒரு வாரம் முன்ன எல்லாரையும் கண்ணு, ராசான்னு கூப்ட்டுக்கினே இருந்தாரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜெயம்மாள் என் எதிரே வந்து நின்று, “ஒண்ணு நீங்க போவப் போறீங்க, இல்லாட்டி எவளோ வந்துட்டா. ரெண்டுல எதுன்னு சொல்லிடுங்க” என்று அழுதாள். சத்தம் போடக் கூடாதே என்று, “நீ எதைச் சொன்னாலும் சரிம்மா” என்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மச்சான், ஆடி மாசத்தில் தாய்வீடு போவது புதுப்பெண்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆனவள் போனால் தெரு என்ன பேசும் என்று தாங்களே யோசிக்கவும். தறி நின்றுபோய்விட்டது. குழந்தை இல்லாத வீட்டில் இனிக்கப் பேசி யாருக்கு என்ன பிரயோசனம்? இன்னும் பதினேழே நாள். பக்குவமாக எடுத்துச் சொல்லி இருவரையும் அனுப்பிவைக்கவும்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம், ஜெயம்மாளுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
முப்பத்தோராவது நாளிலும் பொறுமை மாறாத,
கச்சபேசன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு எச்சில் தொட்டுக்கொண்டிருக்கும்போதே ஜெயம்மாளும் குழந்தையும் ஆரணி பஸ்ஸில் வந்து வாசலில் நிற்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. “வாம்மா, வெயில்ல களைச்சுப் போயிருப்பே” என்றேன். “இன்னும் சரியாவலியா?” என்று கேட்டுவிட்டு அப்படியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். தெருவே வேடிக்கை பார்க்கிறது. அப்போது நான் போட்ட சத்தத்தை இங்கே எழுதினால் தபால் இலாகா இந்தக் கடிதத்தை எடுத்துக்கொள்ளாது. அவள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். வேண்டுதல்தான் உடைந்துபோயிற்றே என்று எல்லாவற்றையும் சொன்னேன். “எனக்கு இன்னாங்க தெரியும்?” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். படவேடு ரேணுகாம்பாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து, “என் புருஷன் பழையபடி திட்டணும், திட்டிட்டா அவருக்கு மொட்டை போடறேன்” என்று நேர்ந்துகொண்டு வந்திருக்கிறாளாம். அவளைப் படவேட்டுக்குக் கூட்டிப் போனதும், மொட்டை என்று யோசனை சொன்னதும் நீதானாமே! மேலே ‘தாங்கள்’, ‘அவர்கள்’ என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படி. நாளைக் காலையிலிருந்து எனக்கு மறுபடியும் முதல் நாள். இன்றைக்குப் பொழுதுசாய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிடப் போகிறேன். குழந்தையை அம்சவேணி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. ஜெயம்மாள் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.