கீழ்வீட்டு ஒட்டடைக் கம்பு

மெர்லின் வாத்தியம் வாசிப்பதை நிறுத்தினாள். நிறுத்தினதுதான் தாமதம், கீழ்வீட்டிலிருந்து இடி ஆரம்பித்தது. டொம். டொம். டொடொம்.

லூயிஸ் வாயருகே கொண்டுபோன டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாய் ஒட்டடைக் கம்ப எட்த்துட்டாரு எல்சி."

"மெல்ல பேசுங்க. பொண்ணு காதுல வுழப்போவுது" என்றாள் அவர் மனைவி.

ராயபுரத்துச் சந்து ஒன்றில் முதல் மாடி வீடு. அதன் கூடத்தை முழுசாக அடைத்துக்கொண்டு மாரிம்பா நின்றது. மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குழாயைத் தொங்கவிட்ட வாத்தியம். மெர்லினின் டீச்சர் அவள் மேல் நம்பிக்கை வைத்து இரவல் கொடுத்தது. துறைமுகத்து லோடுமேன்கள் நாலு பேர் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே அதை மாடியேற்றினார்கள். திரும்ப இறக்குவதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எழும்பூரில் கச்சேரி. ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா பின்னால் உட்கார, முன்னால் தனியாக நின்று மெர்லின் மாரிம்பா கான்செர்டோ வாசிக்கப் போகிறாள். ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து ஒத்திகை பார்க்கக் கிடைத்தது சனிக்கிழமை ஒன்றுதான். அதுவரை வீட்டில் தனியாகத்தான் பழக வேண்டும்.

"நடுவுல நடுவுல ஏம்மா சும்மா நிக்கிற?" என்று லூயிஸ் ஒருநாள் கேட்டார்.

"அது ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிற எடம்பா. அவங்க முடிக்கிற நேரம் பாத்து நான் கரெக்டா புடிக்கணும். வுட்டேன்னா மொத்தமும் போச்சு."

அந்த இடங்களில்தான் கீழேயிருந்து இடி வந்தது. மெர்லின் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி, தலையை ஆட்டிக்கொண்டு, லேசாகச் சிரித்தபடி நிற்பாள். பாவம், அவமானத்தை எப்படித் தாங்குகிறது பார் குழந்தை என்று லூயிஸ் எல்சியிடம் புலம்புவார்.

ஆனால் கீழ்வீட்டு ஹபீபுல்லா பாய் மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. பாய்க்குக் கார் டிங்கரிங் வேலை. நாள் முழுக்கத் தகரத்தைத் தட்டிவிட்டு வருகிற மனுஷன், வீட்டிலாவது காதுக்கு ஓய்வு கொடுத்து உட்கார வேண்டாமா? வேறொருத்தராக இருந்தால் இந்நேரம் வீட்டுச் சொந்தக்காரம்மாவிடம் புகாரோடு போயிருப்பார், மாரிம்பா தெருவுக்கு வந்திருக்கும்.

"ஒண்ணு கவனிச்சியா எல்சி? பொண்ணு வாசிக்கிறப்ப ஒரு தபா கூட அவரு இடிச்சதில்ல. அது நிறுத்துனப்புறம்தான் இடிக்கிறாரு. இன்னா மருவாதி! கோவத்துலகூட ஒரு இது கீது பாரு."

அந்த வாரம் அந்தோணியார் முன்னால் பாய் பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது.

நன்றி மட்டும் போதாது, நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று பட்டது. வீட்டிலிருந்த ஒரே இலவம்பஞ்சு மெத்தையை மாரிம்பாவுக்கு அடியில் போட்டார். தரை அதிரக்கூடாது, வாத்தியத்துக்கு நல்லது என்று மகளிடம் சொல்லிவிட்டு, தாமும் எல்சியும் வெறும் கோரைப்பாயில் படுத்தார்கள்.

மறுநாள் இடி பலமாயிற்று. போதாக்குறைக்கு, மெர்லின் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் விழுந்தது. அவள் தடுமாறி நின்றாள்.

"மருவாதி கொறயுது எல்சி" என்றார் லூயிஸ், கவலையோடு.

லூயிஸ் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் படகில் வேலை பார்ப்பவர். படகு கப்பலில் மோதினால் அடி தெரியாமலிருக்க, பக்கவாட்டில் லாரி டயர்களைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மலை மாதிரிக் கப்பலையே தாங்குகிற டயர் மரக்கட்டைச் சத்தத்தைத் தாங்காதா? கழித்துப்போட்ட டயர் ஒன்றைக் கேட்டு வாங்கி, துண்டு துண்டாக அறுத்து, மெத்தைக்கு மேல் மாரிம்பாவின் கால்களுக்குக் கீழே சொருகினார். வீடே துறைமுகம் மாதிரி நாறியது.

அன்று சாயங்காலம் கீழேயிருந்து கம்பு தாறுமாறாக விழுந்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, கண் தெரியாதவர் கதவு தேடுகிற மாதிரி. காரை உதிர்ந்து பாய் வீட்டுச் சோற்றில் விழுந்திருக்கும் என்று லூயிஸ் உருகினார்.

"வஞ்சிரம் கொழம்பு வெச்சிக் குட்த்துட்டு வா எல்சி. நாலு நல்ல வார்த்த சொல்லு."

எல்சி போனாள். பாத்திரம் நிறைய சேமியாவோடும், தொங்கிப்போன முகத்தோடும் திரும்பினாள்.

"ஃபாத்திமா அழுவுதுங்க. 'எங்கூட்டுக்காரரு ரெண்டு நாளா சரியா துன்றதில்லக்கா. மேல இன்னா பண்றாங்கன்னே புரியலன்னு ஒரே பேஜாரா கீறாரு'ன்னு சொல்லுது."

"பட்டினி கெடந்துகினு நமக்கு சேமியா குட்த்து வுட்டாரா?" லூயிஸ் சேமியாப் பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "இந்த மனுசனுக்கு நாம இன்னா செய்யப்போறோம் எல்சி?"

செய்தார். வெள்ளிக்கிழமை மெர்லின் குளிக்கப் போன நேரம், தம்முடைய பனியன்களையெல்லாம் சுருட்டி, மாரிம்பாவின் குழாய் ஒவ்வொன்றிலும் திணித்தார். பனியன் தீர்ந்ததும் எல்சியின் பழைய புடவையைக் கிழித்தார்.

மெர்லின் வந்து குச்சியை எடுத்துத் தட்டினாள். பலகையில் சப்பாத்தி தட்டுகிற சத்தம் வந்தது. அடுத்த கட்டையைத் தட்டினாள். அதுவும் சப்பாத்திதான்.

"அப்பா! மாரிம்பா செத்துப்போச்சுப்பா! நாளைக்கு ஒத்திகப்பா!"

அவள் தரையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்ததும் லூயிஸ் ஓடிவந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டார். குழாய்க்குள் கைவிட்டுப் பனியன்களை ஒவ்வொன்றாக உருவினார்.

"நாந்தாம்மா. பாய்க்குத் தொந்தரவா இருக்குமேன்னு..."

"பாய் மாமாவுக்கா?" என்று மெர்லின் கண்ணீரோடு நிமிர்ந்தாள்.

அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். வாசலில் ஹபீபுல்லா பாய் மூச்சிரைக்க நின்றார். கையில் ஒட்டடைக் கம்பு. பின்னாலேயே ஃபாத்திமா.

லூயிஸ் கையில் பனியனோடு ஓடிப்போய்க் கும்பிட்டார்.

"பாய், திட்டணும்னா என்னியத் திட்டு. பொண்ண ஒண்ணும் சொல்லாத. இத்தினி நாளா வாய் தொறந்து ஒரு வார்த்த சொல்லாம பொறுத்துகினியே, அதுக்கு எந்த ஜென்மத்துல நன்றி சொல்லப் போறேன்? இந்தச் சந்துல வேற எவனுக்கும் அந்த மனசு வராது பாய்."

ஹபீபுல்லா பாய் கூடத்தைப் பார்த்தார். மெத்தை, டயர், மாரிம்பாவுக்கு அடியில் குவிந்து கிடந்த பனியன்கள். அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

"அட இன்னா லூயிஸ்ண்ணே, இப்டி பண்ணிட்டீங்கோ? நாளைக்கு அந்த வாத்தியக்காரங்க வர்ற வரிக்கும் பாப்பாக்கு ஆர்கெஸ்ட்ரா நாந்தானே. அது எங்க நிறுத்துதுன்னு காதுல வுழுந்தாத்தானே, நான் எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியும்!"