ஆறேகால் மணிக்கு மகிழ்ச்சி

நவம்பர் முப்பது, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி. மேசைமேல் பச்சை இலை வளையத்துக்குள், வாரத்துக்கு ஒன்றாக ஏற்ற, நான்கு மெழுகுவர்த்திகள். மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். அவற்றுக்கு முன்னால் கையில் தீப்பெட்டியோடு நின்றவர் படிக்கல்.

படிக்கல் என்பது கடைவீதி வைத்த பெயர். அவர் எடை அளவு ஆய்வாளர். தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தையும், உள்ளே குடைந்து ஈயத்தை உருவிய எடைக்கல்லையும் வாசலில் நின்றே மோப்பம் பிடிப்பார் என்று பேச்சு. இருபத்தாறு வருடத்தில் ஒருவரும் தன்னை ஏமாற்றியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள். மறுத்துப் பேசியதில்லை.

அன்று காலைப் பூசையில் பங்குச் சாமியார், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்தைத் தொடங்கி வைத்துப் பேசியிருந்தார். கிறிஸ்துவின் மகிழ்ச்சி தானாக வீட்டுக்குள் வராது, யாராவது எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். படிக்கல் மட்டும் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கோடு போட்ட தாளில் ஓர் அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

மனைவி கரண்டியும் கையுமாக வந்து படித்தாள். "ஆறு மணி, மெழுகுவர்த்தி. ஆறு அஞ்சு, சங்கீதம். ஆறு பத்து, மௌனம். ஆறேகால், மகிழ்ச்சி. ஏங்க, ஆறேகாலுக்கு அது வரலைன்னா?"

"வரும்."

"வந்தா எத்தனை மணிக்குக் கிளம்பும்? இல்ல, சாப்பாட்டுக்கு இருக்குமான்னு கேட்டேன். அதுக்கும் சேத்து சமைக்கணுமே."

"ஆண்டவர் விஷயத்துல விளையாடாத."

"நான் விளையாடலைங்க. அடுப்படியில நிக்கிறவளுக்கு ஆள் கணக்கு தெரியணும்."

ஏழு நாள் அட்டவணை நடந்தது. மெழுகுவர்த்தி எரிந்தது. பைபிளிலிருந்து சங்கீதம் வாசிக்கப்பட்டது. மௌனம் மிகச் சிறப்பாக இருந்தது. ஆறேகாலுக்கு மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கல்லூரியில் படிக்கும் மகள் பல் வைத்தியர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவளைப் போல இருந்தாள்.

ஆறேகால் மணி மௌனத்தில் தினமும் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மேல்மாடியில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம்.

அந்த யாரோ, படிக்கல்லின் உடன்பிறந்த அண்ணன். ஒரே வீடு, இரண்டு தளம், நடுவில் பதினெட்டுப் படிகள், மூன்று வருடப் பேச்சில்லாமை. அண்ணன்தான் கோயில் பாடகர் குழுவுக்கு ஹார்மோனியம் வாசிப்பவர், குழுவின் தலைவர். மூன்று வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகையில், இருபத்திரண்டு பேர் முன்னிலையில், வாசிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்து, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார். தம்பி வாயை மூடினார். அண்ணனிடம் அப்புறம் திறக்கவே இல்லை.

இந்த ஏப்ரலில் அண்ணி இறந்தார். தம்பி அடக்கத்துக்குப் போனார், பெட்டியின் ஒரு முனையைத் தோளில் வாங்கினார், திரும்பி வந்தார். பேசவில்லை. அதன்பிறகு அண்ணனுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. நவம்பர் நடுவில் அவர் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். ஜனவரி ஆறாம் தேதி இடம் கிடைக்கும் என்று பதில் வந்தது. அதை மகள்தான் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். கீழே வந்து அப்பாவிடமும் சொன்னாள்.

"போகட்டும். யாரு தடுத்தா?" என்றார் படிக்கல். அன்று அவர் இரண்டாவது தோசை கேட்கவில்லை.

டிசம்பர் ஏழு, இரண்டாவது ஞாயிறு. அட்டவணை தோற்றுவிட்டதை அவர் ஒப்புக்கொண்டார், புதிய திட்டத்தோடு. எல்லோரும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்குக் கிறிஸ்துமஸ் வரைக்கும் தினம் ஒரு நன்மை, அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டும். மாற்றக் கூடாது. வெளியே சொல்லக் கூடாது.

"மூணு பேருக்கு எதுக்குப்பா சீட்டு?" என்றாள் மகள். "என் பேரு வராட்டி அம்மா பேரு. இதுல என்ன ரகசியம்?"

"அதானே," என்றாள் மனைவி. "காம்பவுண்டுல இருக்கிற எல்லார் பேரையும் எழுதிப் போடலாம், எடுக்கிறது நாம மூணு பேர். பின்வீட்டுத் தையல்காரர், அவர் சம்சாரம், கம்பவுண்டர் குடும்பம், காவல்காரர். நம்மளையும் சேத்தா பன்னண்டு பேர் தேறும்."

பன்னிரண்டில் மேல்மாடியும் உண்டா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் கேட்ட மாதிரி ஆகிவிடும்.

"நல்லது. ஆனா சீட்டை நான் எழுத மாட்டேன்," என்றார். "சோதிக்கிறவன் தயாரிக்கக் கூடாது. அது எங்க துறையில அடிப்படை விதி. நீ எழுது. நான் சோதிக்கிறேன்."

"ரொம்ப நியாயம்," என்றாள் மனைவி. அடுப்படிக்குப் போய்க் கால் மணி நேரத்தில் பிஸ்கட் டப்பாவோடு திரும்பினாள்.

அவர் சோதித்தார். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். அடியைத் தடவினார். சீட்டுகளை எண்ணினார், பன்னிரண்டு. எல்லாம் ஒரே அளவு, ஒரே மடிப்பு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், எழுத்து தெரியவில்லை. ஒன்றையும் பிரிக்கவில்லை. பிரித்தால் விதி மீறல்.

"அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுத்தாங்க," என்று சொல்லி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, முதலில் கையை விட்டார். பிரித்தார்.

'மேல்மாடி அண்ணன்.'

இரண்டாவது மெழுகுவர்த்தி சடசடத்தது. மனைவி ஒரு சீட்டு எடுத்துப் பார்த்து முந்தானையில் முடிந்தாள். மகள் ஒன்று எடுத்துப் பார்த்துத் தாயை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள், பிறகு இருமினாள்.

"என்னங்க, முகம் வெளுத்துப் போச்சு. யாரு வந்தாங்க?"

"வெளியே சொல்லக் கூடாது."

"பிடிக்காத ஆளா இருந்தா வேற ஒண்ணு எடுத்துக்குங்க. வீட்டுக்குள்ளதானே, யாரு கேக்கப் போறா?"

"ஆண்டவர் குடுத்ததை மாத்துறதுக்கு நான் யாரு?" என்றார் அவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மனைவி டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

திங்கட்கிழமை மாடிப்படியில் பழைய விளக்கை எடுத்துவிட்டுப் பெரியதாக மாட்டினார். செவ்வாய்க்கிழமை அண்ணன் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெள்ளைக் கோடு அடித்தார். அளவுகோல் வைத்து அடித்ததால் பதினெட்டுக் கோடும் இரண்டு அங்குலம். புதன்கிழமை கைப்பிடியில் ஆடிய திருகை முறுக்கினார். வியாழனும் வெள்ளியும் தண்ணீர்க் குடத்தை மேல்வாசலில் வைத்துவிட்டு, திருடனைப் போல இறங்கி வந்தார்.

மகிழ்ச்சி எதுவும் வரவில்லை. முழங்கால் வலிதான் வந்தது. ஆனால் பதினெட்டுப் படி எவ்வளவு உயரம் என்பது அவருக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

சனிக்கிழமை மாலை பாடகர் குழு ஒத்திகை. கோயிலில் வேறு ஹார்மோனியம் உண்டு. வீட்டில் இருப்பதில் துருத்தி கிழிந்து காற்று போகிறது என்று மகள் சொல்லியிருந்தாள். படிக்கல் மெல்லிய தோல் துண்டும் பசையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். அண்ணன் கதவைப் பூட்டுவதில்லை.

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த அறை. தட்டு அடுக்கில் இரண்டு தட்டுகள். ஒன்று ஈரமாக, ஒன்று தூசியோடு. நாற்காலியின் முதுகில் அண்ணியின் பருத்திப் புடவை மடித்துப் போட்டபடி இருந்தது. ஆறேகால் மணிக்கு நகரும் நாற்காலி அதுதான் என்று அவருக்குப் புரிந்தது. அதன் கால்களுக்குக் கீழே தரையில் தேய்ந்த தடம், ஜன்னல் வரைக்கும். அந்த ஜன்னலுக்கு நேர் கீழே, கீழ்த்தளத்து ஜன்னலோரம், அவருடைய வீட்டு மெழுகுவர்த்தி மேசை; அங்கே படிக்கும் சங்கீதம் இங்கே கேட்கும். கட்டிலருகே கட்டி முடித்த ஒரு பெட்டி. கயிறுகூடப் போட்டாகிவிட்டது.

அவர் உட்கார்ந்து துருத்தியை ஒட்டத் தொடங்கினார். பசை காய்வதற்குள் படியில் காலடி கேட்டது. அண்ணன் ஒத்திகையைச் சீக்கிரம் முடித்துவிட்டார். வாசலில் வந்து நின்றார்.

"யாரு?"

படிக்கல் மூச்சைப் பிடித்தார். அண்ணனின் கண் அவருக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்தது.

"விளக்கு மாட்டினவன், கோடு போட்டவன், தண்ணி வச்சவன். எவ்வளவு நேரம் மூச்சை அடக்குவே? விடு. அறுபது வயசுல ஆகாது."

"அம்பத்தெட்டு," என்றார் தம்பி. மூன்று வருடத்தில் அண்ணனிடம் சொன்ன முதல் சொல் அது.

"எப்போ தெரிஞ்சுது?" என்று அவரே கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை. கோட்டைக் காலால தடவிப் பார்த்தேன். பதினெட்டும் ஒரே அகலம். இந்த ஊர்ல வேற யாரு அப்படிப் போடுவா?"

அண்ணன் தடவி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கீழே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு ஒத்திகையில நான் சொன்னது தப்புடா."

"அப்போ சுருதி?"

"சுருதியும் தப்பு. அது உன்னுது. சொன்னது என்னுது."

படிக்கல் பசைக் கையைக் கைக்குட்டையில் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணி அடக்கத்தன்னைக்கே பேசியிருக்கணும்," என்றார். "உன் கையைப் பிடிக்கலாம்னு கிட்ட வந்தேன். யாரோ குறுக்கே வந்துட்டாங்க. அப்படியே விட்டுட்டேன்."

"கிட்ட வந்தது தெரியும். அப்போ கண்ணு கொஞ்சம் நல்லா இருந்துச்சு."

"இல்லத்துக்குப் போகாதண்ணே."

"ஆசையிலயா போறேன்? பதினெட்டுப் படிடா. போன மாசம் ரெண்டு தடவை விழுந்தேன். யார்கிட்டயும் சொல்லல. இவ இருந்தப்போ கையைப் பிடிச்சு இறக்குவா."

தம்பி பசைப் புட்டியை மூடினார்.

மறுநாள் மூன்றாவது ஞாயிறு, கோயில் கணக்கில் மகிழ்ச்சி ஞாயிறு. மாலையில் அண்ணனைக் கைபிடித்து இறக்கிக் கூட்டி வந்தார், மகள் ஹார்மோனியத்தைத் தூக்கி வந்தாள். மனைவி நான்காவது நாற்காலியை ஏற்கனவே போட்டு வைத்திருந்தாள். ரோஜா நிற மெழுகுவர்த்தியை அண்ணன்தான் ஏற்றினார். மகள் அவர் கையைப் பிடித்துத் திரி வரை கொண்டுபோனாள். ஹார்மோனியத்தில் காற்று போகவில்லை. சங்கீதத்தைப் பாடினார்கள். படிக்கல்லும் பாடினார். சுருதி எங்கோ போயிற்று, அண்ணன் வாசித்துக்கொண்டே அதைத் தேடிப் பின்னால் போனார். மகள் அடக்க முடியாமல் சிரித்தாள், அண்ணன் சிரித்தார். மனைவி திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கல் நெகிழ்ந்துபோயிருந்தார். ஆண்டவர் தன் கைக்குக் கொடுத்த அந்தச் சீட்டை ஜெபப் புத்தகத்தில் வைக்க நினைத்தார். மற்றச் சீட்டுகளையும் பதிவுக்காகப் பாதுகாக்க வேண்டுமே என்று பிஸ்கட் டப்பாவை இறக்கினார். முறைப்படி மிச்சம் ஒன்பது. ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் வரிசையாக வைத்தார்.

மேல்மாடி அண்ணன். மேல்மாடி அண்ணன். மேல்மாடி அண்ணன்.

ஒன்பதும் அதே. எழுத்துகூட அழகாக இருந்தது, அவசரமே இல்லாத கையெழுத்து.

மனைவி பால் தம்ளரோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள். தம்ளரை வைத்தாள்.

"இது என்ன?" என்றார்.

"சீட்டுங்க."

"தையல்காரர் எங்க? கம்பவுண்டர் எங்க?"

"அவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அவங்களுக்கு என்ன குறை?"

"இது மோசடி. நான் ஆண்டவர் சித்தம்னு நம்பி பதினெட்டுப் படி ஏறி இறங்கினேன்."

"ஆண்டவர் சித்தம் இல்லைன்னு யாரு சொன்னா?" அவள் எதிரே உட்கார்ந்தாள். முதல்முறையாக அவள் குரலில் கேலி இல்லை. "மூணு வருஷம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் படியேறி இறங்கினேன். மாடி அக்கா சாகும்போது என் கையைப் பிடிச்சு, இவங்களைப் பேச வச்சிடுன்னு கேட்டாங்க. நீங்க யார் சொன்னாலும் கேக்க மாட்டீங்க. விதி சொன்னா கேப்பீங்க. அதான் உங்க விதியிலயே எழுதினேன்."

அவர் ஒன்பது சீட்டுகளையும் அடுக்கினார். விளிம்பைத் தட்டிச் சமன் செய்தார்.

"அண்ணனால படி ஏற முடியாது," என்றார் கடைசியில். "இல்லம்தான் சரின்னு சொல்றார். என்ன பண்றது?"

"கீழே முன்னறை இருக்கே."

"அது என் ஆபீஸ் அறை. என் மேசை, ஃபைல், மாதிரி எடைக்கல் எல்லாம் அங்கதான் இருக்கு. எங்க கொண்டுபோறது?"

"சீட்டுப் போட்டுப் பாக்கலாமா?" என்றாள் மனைவி. "எழுதித் தரேன்."

அவர் பாலைக் குடித்தார்.

ஜனவரி ஆறு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு அண்ணனின் கட்டிலும் பெட்டியும் ஹார்மோனியமும் கீழ் முன்னறைக்கு இறங்கின. பதினொன்றரைக்குப் படிக்கல்லின் மேசை மேல்மாடிக்கு ஏறியது.