மூக்கையா வீட்டு ஆயுதங்கள்

கட்டுகஸ்தோட்டையில் மூக்கையா வீட்டுக் குசினிக் கதவு ஒரு மழைக்கு ஊதினால் அடுத்த மழை வரைக்கும் மூடாது. அதுவாவது பரவாயில்லை. சுவர்ப் பூச்சு ஒருநாள் உதிர்ந்து அடுப்பிலிருந்த பருப்புச் சட்டிக்குள்ளேயே விழுந்தது. அன்றைக்கு அவர் மனைவி நிஷாந்தி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

“இந்த லீவுல குசினிய நாமளே திருத்துறோம்.”

மூக்கையா மாநகர சபையில் இலிகிதர். பேனாவை விடப் பாரமான எதையும் தூக்கிப் பழகாத கை. லீவு முழுக்கக் கிரிக்கெட் பார்ப்பதாக இருந்தவர். ஆனாலும் மாட்டேன் என்று மனைவியிடம் நேரே சொல்லும் துணிச்சல் அவருக்குக் கிடையாது.

“செய்யலாம். ஆயுதம் வேணுமே?”

“வாங்குவோம்.”

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பிலிமத்தலாவையில் ஹலீமின் ஹாட்வெயார் கடைக்குள் அவளைக் கொண்டுபோய் விட்டால் போதும். கூரைவரை தொங்கும் இரும்பைப் பார்த்துத் தலை சுற்றி, ‘பேசாம வேலை தெரிஞ்ச மேசன் பாஸையே கூப்பிடுவோங்க’ என்று அவளே சொல்லிவிடுவாள்.

ஹலீம் பளபளவென்று ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே நூற்றியெட்டுச் சாமான். தலை சுற்றியது மூக்கையாவுக்குத்தான். நிஷாந்தி அதிலிருந்த குறட்டை இரண்டு தரம் திறந்து மூடினாள்.

“ஹலீம் நானா, இது ஷோகேஸுல வைக்கவா, வேலை செய்யவா?”

ஹலீம் பெட்டியை மூடிவிட்டு உள்ளேயிருந்து வேறு சாமான் கொண்டுவந்தார். அவள் சுத்தியலைப் பிடியின் நுனியில் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

“தலை ஆடுது. வேற குடுங்க.”

சீவுளியைக் கவிழ்த்து, ஒரு கண்ணை மூடி அலகைப் பார்த்தாள். ரசமட்டத்தை மேசையில் வைத்தாள், திருப்பியும் வைத்தாள். குமிழி இரண்டு தரமும் ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் எடுத்தாள். ஓர் உளி, பூச்சுக்கு ஒரு மேசன் கரண்டி. அவ்வளவுதான்.

“எங்க வேலை பழகினீங்க தங்கச்சி?” என்றார் ஹலீம்.

“வீட்டுக்கு வந்த பாஸ்மாருக்கெல்லாம் தேத்தண்ணி குடுத்துட்டு நின்னு பார்த்தேன். இவரு பேப்பர் பார்த்தாரு.”

மூக்கையாவுக்கு வெட்கம் வர வேண்டிய இடம். பெருமைதான் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு யோசனையும் வந்தது. இவ்வளவு தெரிந்தவள் இருக்க, நான் எதற்கு?

பஸ்ஸில் மெல்ல ஆரம்பித்தார். “நிஷா, இந்த வேலைக்கு நீதான் பாஸ். நான் சும்மா கையாள்.”

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“சத்தியமா.”

அவள் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் கதவைக் கழற்றிச் சீவினாள். மரம் சுருள் சுருளாய் உதிர்ந்தது. திரும்ப மாட்டியபோது கதவு ஒற்றை விரலுக்கு முனகாமல் மூடியது. மூக்கையா வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, டிவி பக்கம் நழுவினார்.

“எங்க போறீங்க? மணல் வந்து கீழ ரோட்டுல கெடக்கு.”

“நானா தூக்கணும்?”

“எந்த பாஸாவது மணல் சுமந்து பார்த்திருக்கீங்களா? அது கையாள் வேலை.”

ரோட்டிலிருந்து வாசலுக்கு அறுபத்திரண்டு படி. நான்கு நாள் சுமந்தார், சலித்தார், சீமெந்து குழைத்தார். கிரிக்கெட்டில் யார் வென்றது என்பதே தெரியாது. ஆனால் அவள் பூசி முடித்த சுவரைப் பார்த்தபோது முதுகுவலி மறந்துபோனது. ஈரத்தோடு கண்ணாடி மாதிரி மின்னியது. மனம் தாங்காமல் பக்கத்து வீட்டு றமீஸாவைக் கூட்டிவந்து காட்டி, அரை மணி நேரம் மனைவியின் புகழ் பாடினார்.

சாயங்காலம் நிஷாந்தி அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

“றமீஸாக்கா அவங்க குசினியையும் பூசித் தரச் சொல்லிக் கேட்டாங்க. உங்க லீவு இன்னும் அஞ்சு நாள் இருக்குன்னு சொல்லிட்டேன்.”