ரேடியோ மணி அடிக்காது

கர்ர்ர்... கிர்ர்ர்... பக்கத்து அறையிலிருந்து முதலில் இரைச்சல் வந்தது. பின்னாலேயே குரல் வந்தது.

"லோரெட்டா, லோரெட்டா. காப்பிக் கோப்பை காலி. ஓவர்."

மாவு டப்பாவுக்குப் பக்கத்திலிருந்த கைரேடியோவை லோரெட்டா எடுத்தாள். அவளுக்கும் கணவருக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு பலகைச் சுவர். "கால் இருக்கில்ல? நடந்து வா. ஓவர்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டாள். எதிர்வீட்டில் பதினாறு வருடம் இருந்து நான் கேட்டுப் பழகிய பெருமூச்சு.

வாசகரே, அந்த அறையில் இருப்பவர் 'ஆனால்' மனிதர். அப்படி ஓர் இனம் உண்டு. சட்டத்தின் முதல் வரியைப் படித்ததும் நீங்களும் நானும் பயந்து புத்தகத்தை மூடிவிடுவோம். இவர் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவார். விதிவிலக்குகள் குடியிருப்பது அங்கேதானே! வண்டி நிறுத்தாதே என்ற பலகைக்கு அடியில் நிறுத்திவிட்டு, "நிறுத்தலையே, காத்துக்கிட்டுதானே இருக்கேன்" என்பார். ஐந்து மீனுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்றால் ஆறாவதை ஆற்றங்கரையிலேயே சுட்டுத் தின்றுவிட்டு, "வீட்டுக்குக் கொண்டு போனது அஞ்சுதான்" என்பார். நூலகத்தில் பேசக்கூடாது என்றால் விசிலடிப்பார். மாட்டிக்கொள்ளவே மாட்டாரா? மாட்டுவார். அது பிறகு.

எங்கள் ஊர் 'ஆனால்' மனிதரின் பெயர் கோர்டி ஹ்ரிஞ்சக். மலையிலிருந்து மரக்கட்டை இறக்கும் லாரி ஓட்டுகிறவர். வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்ததற்காக ஏற்கெனவே இரண்டு அபராதச் சீட்டு வாங்கியவர். மூன்றாவது விழுந்தால் லைசன்ஸ் போகும். லைசன்ஸ் போனால் லாரி போகும். லாரி போனால் கோர்டியிடம் மிச்சம் இருப்பது தொப்பியும் தொப்பையும்தான்.

சட்டம் போனைத்தான் தடுத்தது. ஆனால் (வந்துவிட்டதா?) வேலைக்கான ரேடியோவின் மைக்கைப் பிடிக்கலாம் என்றது. அது இல்லாமல் எங்கள் காட்டுச் சாலையில் பிழைக்க முடியாது. ஒரு லாரி போகிற அகலம்தான். காலி வண்டி மேலே ஏறும், கட்டை ஏற்றியது கீழே இறங்கும். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் "முப்பது, காலி, மேலே" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். கேட்டவன் ஒதுங்குவான். சொல்லாவிட்டால் வளைவில் இருவரும் சந்திப்பார்கள். ஒரே ஒரு முறை.

கோர்டி என்ன செய்தார்? பழைய ரேடியோ மைக் ஒன்றின் கூட்டைப் பிளந்து, உள்ளே ஒரு சின்னப் போனைத் திணித்து, கறுப்பு டேப் சுற்றினார். அடியில் சுருள் வயர். வயரின் மறுமுனை சட்டைப் பையில் சும்மா கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு மைக், கேட்கிறவளுக்குப் போன். கேட்கிறவள் மைத்துனி ஓல்கா. யாராவது பார்த்தால் சந்தேகம் வரக்கூடாதே என்று அவளையும் பழக்கிவிட்டார். "கொழுக்கட்டைக்கு உருளைக்கிழங்கா, முட்டைக்கோஸா? ஓவர்," என்று கேட்பாள் அந்தப் பாவி.

கோர்டி காப்பிக்கு எழுந்து வந்தார். கையில் அந்த மைக். அதே நேரம் வாசல் கதவு தட்டப்பட்டது. கான்ஸ்டபிள் நோரா டக்வொர்த். தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

"கோர்டி, செவ்வாய்க்கிழமை முப்பது சொன்னீங்க. அப்புறம் முப்பத்தி நாலு சொன்னீங்க. நடுவுல இருந்த மூணு எங்க போச்சு?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"அந்த ரோட்டுல போற எல்லா வண்டியிலயும் ரேடியோ இருக்கு. என் வண்டியிலயும்தான். முப்பத்தி ரெண்டுல லாரிக்கார ரெய்னோ கட்டை நெறஞ்ச வண்டியோட எதிர்ல வந்து, பிரேக் புகையப் புகைய நிறுத்திட்டு ரேடியோவுல உங்களைத் திட்டினானே, அதையும் கேட்டேன். அதுக்கு நீங்க சொன்ன பதிலையும் கேட்டேன்."

"என்ன சொன்னேன்?"

"'போனை மைக்குக்குள்ள வச்சிருக்கேன்டா, ஒரு போலீசும் என்னைத் தொட முடியாது'ன்னீங்க. மலை பூரா கேட்டுச்சு."

போனில் பேசினால் ஒருவர் கேட்பார். ரேடியோவில் பேசினால் ஊரே கேட்கும். விதிவிலக்குகளை மனப்பாடம் செய்தவர் இதை மறந்துவிட்டார். ஆனாலும் அசரவில்லை. மைக்கை மேஜையில் வைத்தார். "பாரும்மா. பேசுற பட்டன் இருக்கு. வயர் இருக்கு. சட்டப்படி இது ரேடியோ."

அப்போது அந்த ரேடியோ மணி அடித்தது.

சும்மா மணியா? துள்ளல் போட்டு ஆடும் அக்கார்டியன் மெட்டு. டேப்புக்குள்ளிருந்து அது அதிர்ந்து, நகர்ந்து, கான்ஸ்டபிளின் காப்பிக் கோப்பையை முட்டி நின்றது. யாரும் தொடவில்லை. கடைசியில் லோரெட்டா எடுத்தாள்.

"கோர்டி, முட்டைக்கோஸே வாங்கிட்டேன். ஓவர்," என்றது ஓல்காவின் குரல்.

நான் சிரித்துவிட்டேன். லோரெட்டா சிரிக்கவில்லை. மைக்கை வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ரெய்னோ கதையை நீ எங்கிட்ட சொல்லவே இல்ல."

"ஒண்ணும் ஆகலையே லோரெட்டா. ஆனா..."

"கொழுக்கட்டைக்கு உள்ள என்ன வைக்கிறதுன்னு பேசிக்கிட்டே சாகப் பார்த்திருக்க. உன்னைப் புதைச்சிட்டு வந்து அதே கொழுக்கட்டையை நான் ஊருக்குப் பரிமாறணுமா?" அவள் கண்ணீர் மேஜைவிரிப்பில் சொட்டியது. அதற்கு எந்தப் பக்கத்திலும் விதிவிலக்கு இல்லை. கோர்டி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடியது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு பர்ஸை எடுத்து, லைசன்ஸை உருவி, தானாகவே கான்ஸ்டபிளிடம் நீட்டினார்.

"எத்தனை நாளைக்கு?"

"அதை லைசன்ஸ் ஆபீஸ்தான் சொல்லும். நாலு மாசமாவது நடங்க."

பக்கத்து அறைக்கு நடக்காமல் ரேடியோவில் காப்பி கேட்டவர்! லோரெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைரேடியோவை எடுத்து, எதிரே நின்ற கணவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "புரிஞ்சுது. நாலு மாசம் வீட்டுல. உருளைக்கிழங்கு உரி. ஓவர்."

சிரிக்கிறீர்களா வாசகரே? சிவப்பு விளக்கில் நிற்கும்போது, "வண்டிதான் ஓடலையே" என்று போனைப் பார்த்தீர்களே, அது யார்? "மெசேஜ் அடிக்கல, படிக்கத்தான் செய்தேன்" என்றீர்களே, அது?

கான்ஸ்டபிள் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"வெளியில நிக்கிற பச்சைக் கார் உங்களுதுதானே? காலையில பாலத்துக்கிட்ட ஓட்டிட்டு வரும்போது, காதுல கை வச்சிருந்தீங்க."

"ஆமா மேடம். ஆனா..."

என் 'ஆனால்' முடிவதற்குள் கதவு சாத்தப்பட்டது.